குறுக்கே வைத்த கரண்டி

அந்தக் கடையில் சூப்புக்குக் கணக்குக் கிடையாது. மேசையில் உட்கார்ந்துவிட்டால் போதும், கிண்ணம் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கூடவே பூண்டும் வெண்ணெயும் தடவிய பிரெட் வரும், அதுவும் கேட்கக் கேட்க. போதும் என்று வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியை எடுத்துக் கிண்ணத்தின் குறுக்கே வைத்துவிட்டால் போதும் என்று அர்த்தம். வைக்கும்வரை ஊற்ற வேண்டும், வைத்த பிறகு ஊற்றக் கூடாது. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எத்தனை ஊரில் அந்தக் கடைக்குக் கிளை இருக்கிறதோ அத்தனை ஊரிலும் இதே கிண்ணம், இதே கரண்டி, இதே சட்டம்.

இத்தாலிச் சாப்பாட்டுக் கடை என்று பெயர். அந்தக் கிளையில் இத்தாலியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வாசலில் வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் யார் என்று மேனேஜருக்கே தெரியாது. உள்ளே கூரையிலிருந்து பிளாஸ்டிக் திராட்சை தொங்கும். பழைய வீடு மாதிரி இருக்க வேண்டும் என்று சுவரில் விரிசல்களை வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே ஒரு விரிசல் விட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து அந்த ஒன்றை மட்டும் பூசி மறைத்துவிட்டு, வரைந்தவற்றுக்கு வண்ணம் புதுப்பித்துவிட்டுப் போனார். அன்று கடையில் வேலை செய்தவர்கள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அங்கே சூப் ஊற்றுகிறவளுக்கு சூப்பக்கா என்று பெயர். மேனேஜர் முதல் தரை துடைக்கிறவர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். காலையில் கடை திறக்குமுன் முள்கரண்டியையும் கத்தியையும் துணியில் சுருட்டி அடுக்குவாள். உப்புக் குடுவைகளை நிரப்புவாள். ஆடுகிற மேசைகளின் காலடியில் அட்டையை மடித்துச் செருகுவாள். கூட்டம் வந்துவிட்டால் ஜாடியை இடுப்போடு சாய்த்துக்கொண்டு மேசை மேசையாகச் சுற்ற வேண்டியதுதான். கிட்டே போய் எட்டிப் பார்க்காமலே எந்தக் கிண்ணம் எவ்வளவு காலி என்று தெரிந்துவிடும் அவளுக்கு. ஆள் கரண்டியைச் சாய்க்கிற விதத்திலேயே அது தெரியும். வீட்டுக்குப் போகும்போது இடது இடுப்பு மரத்துப் போயிருக்கும், மறுநாளும் அதே இடுப்பில்தான் ஜாடி ஏறும்.

அவள் புருஷன் அதே கிளையில் அடுப்பு பார்த்தவர். அடுப்பண்ணன் என்பார்கள். கல் பதித்த பெரிய அடுப்பு, குனிந்து பார்த்தால் புருவம் பொசுங்கும். பீட்சாவும் பிரெட்டும் அதில்தான் வேகும். மாவை உள்ளே தள்ளவும் வெந்ததை எடுக்கவும் நீளப் பிடி வைத்த மரப்பலகை ஒன்று உண்டு. படகுத் துடுப்பைப் போல இருப்பதால் எல்லோரும் அதைத் துடுப்பு என்றே சொன்னார்கள். அவருடைய துடுப்பின் பிடியில், தன் பழைய சட்டையைக் கிழித்துப் பட்டையாகச் சுற்றி வைத்திருந்தார். வேர்வையில் கை வழுக்காமல் இருப்பதற்காக. மற்றத் துடுப்புகள் எல்லாம் கம்பெனி கொடுத்த இரும்பு. மரத்துடுப்பு ஒன்றுதான் இருந்தது, அது அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அடுப்புக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கூடத்தை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. கிளையில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கிளையின் கூடத்தில் வாடிக்கையாளராக உட்காரக் கூடாது, விடுப்பில் இருந்தாலும் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

சூப்பைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அது அங்கே சமைக்கிற சூப் இல்லை. எங்கோ ஒரு பெரிய சமையல் கூடத்தில் காய்ச்சி, பையில் அடைத்து, உறைய வைத்து லாரியில் வரும். பையோடு வெந்நீரில் முக்கி, ஜாடியில் கவிழ்த்து ஊற்ற வேண்டியதுதான் இங்கே வேலை. தக்காளியும் பயறும் ஏதோ தழையும் தெரியும், மற்றது யாருக்கும் தெரியாது. "பையில வர்றதை மனுஷன் குடிப்பானா? நீயும் அதை இடுப்புல வெச்சுக்கிட்டு ஊர்வலம் போற," என்று அவளைச் சீண்டுவார். அவளும் விடமாட்டாள். அந்த ஊர்வலம் இல்லை என்றால் உங்கள் பிரெட்டை நாய்கூடச் சீந்தாது என்பாள். இப்படி ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே இரண்டு பேரும் ஒன்றாக பஸ் பிடித்து வீடு போவார்கள். பிள்ளை இல்லை. புருஷனை இழந்த அவருடைய அக்கா கூட இருந்தாள். சமையலும் அதிகாரமும் அவள் பொறுப்பு.

முதலில் பிரெட் தொண்டையில் நின்றது. மாவு சரியில்லை என்றார். பிறகு சோறு நின்றது. அவசரமாக விழுங்கிவிட்டதாகச் சொன்னார். தண்ணீரே நிற்க ஆரம்பித்த பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உணவுக்குழாயில் கட்டி. கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் அவளையும் நாத்தனாரையும் தனியாக அழைத்துச் சொன்னார். எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள், இதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இல்லை என்றார். அவரிடம் மட்டும், மருந்து வேலை செய்ய நாளாகும் என்று சொல்லி வைத்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து கட்டிய பொய் அது. அந்தப் பொய்க்கு அவர் தன் பங்குக்கு ஒரு கூரையும் போட்டுக்கொண்டார். மழை விட்டதும் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை. அதுவும் ஒரு வகைக்கு நல்லதாயிற்று.

அவள் வேலை முடிந்து வந்து குடையை விரித்து மூலையில் சாய்த்தவுடன் அவர் கேட்பார். உறவுக்காரரை விசாரிப்பது போலத்தான் கேட்பார்.

"அடுப்பு எப்படி இருக்கு?"

"இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் சூடு அடிக்குதாம்."

"அது அப்படித்தான். பிரெட்டைத் திருப்பிப் போடணும். யாரு நிக்கறா?"

"புதுசா ஒரு பொண்ணு."

"துடுப்பு?"

"மாட்டின இடத்துலயே இருக்கு. யாரும் தொடலை."

அது உண்மைதான். அடுப்புக்கு ஒரு புதுப்பெண்ணைப் போட்டிருந்தார்கள். மெலிந்த உடம்பு, சின்ன மணிக்கட்டு. மரத்துடுப்பை எடுக்காதே, அது அண்ணனுடையது என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்ததால் இரும்புத் துடுப்பைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு நின்றாள். யாரும் தொடவில்லை என்று கேட்டதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த ஒரு பதிலைச் சொல்வதற்காகவே தினமும் வேலைக்குப் போய் வருவது போல இருந்தது அவளுக்கு.

சாப்பாடுதான் இறங்கவில்லை. நாத்தனார் சோற்றைக் குழைத்து வடிகட்டிப் பார்த்தாள். பாலில் கரைத்துப் பார்த்தாள். காய்களை வேகவைத்து அரைத்து, அதே மாதிரி ஒரு சூப்பும் வைத்துப் பார்த்தாள். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவள் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பாத்திரங்களை நங்கு நங்கென்று போட்டுத் தேய்த்தாள்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. பின்பக்கம் இருக்கிற அறையில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிட வேண்டும். ஒரு நாள் சூப்பக்காவுக்குத் தன் பங்கு சூப் தொண்டையில் இறங்கவில்லை. வீட்டில் ஒருவர் பட்டினி கிடக்க எப்படி இறங்கும். கொட்ட மனமில்லாமல் தன் பிளாஸ்கில் ஊற்றி மூடினாள். வீட்டில் அதைக் கழுவத் திறந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது, அது என்ன வாசனை என்று. உங்கள் பை சூப்புதான் என்றாள். கொடு பார்க்கலாம் என்றார்.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். நாத்தனார் சமையலறை வாசலில் கையில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் அது பயந்துகொண்டு திரும்பி வந்துவிடுமோ என்று இருந்தது. வரவில்லை. இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டு வாங்கிய சூப், அவரைப் பழிவாங்காமல் உள்ளே போய்த் தங்கியது. அன்று அவர் முனகாமல் தூங்கினார். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தான் சமைத்தது எதுவும் நிற்காமல் லாரியில் வந்தது நின்றுவிட்டதே என்ற ஆற்றாமையும் அந்த அழுகையில் கொஞ்சம் இருந்தது.

அதன் பிறகு சூப்பக்கா மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். தன் பங்கு தினமும் பிளாஸ்கில் போயிற்று. ஆனால் பின்வாசலில் போகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கிற காவலாளி ஒருவர் உண்டு. நல்ல மனிதர், அவளைப் பல நாள் கண்டும் காணாமல் விட்டவர். ஒரு நாள் தலைமை அலுவலகத்து ஆள் பக்கத்தில் நின்றபோது அவரால் விட முடியவில்லை. பிளாஸ்கைத் திறந்தார். சூப் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர் அவளைச் சாமான் அறைக்கு அழைத்துப் போனார். மாவு மூட்டைகளுக்கும் தக்காளி டின்களுக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். வயதில் அவளைவிட மிகவும் சின்னவர். கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஒரு டின்னைப் பார்த்துப் பேசினார்.

"இந்த வாட்டி நான் சமாளிச்சுட்டேன்க்கா. அடுத்த வாட்டி என் கையில இல்ல. உங்க வேலையும் போயிடும்."

"என் பங்குதானே தம்பி? நான் சாப்பிடாம அவருக்குக் கொண்டு போறேன். யார் வீட்டுச் சொத்தையும் எடுக்கலையே."

"தெரியும்க்கா. வாசலைத் தாண்டக் கூடாதுன்னு இருக்கு. கூடத்துல உக்காந்து ஒரு அண்டா குடிச்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம சட்டம் அப்படி."

அவள் அதையே பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அவரைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைக்கிறேனே என்றாள். மேனேஜர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். விடுப்பில் இருந்தாலும் அண்ணன் இந்தக் கிளை ஆள்தானே, எப்படி உட்கார முடியும் என்றார். டின்னைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேலைப் பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டா உக்காரலாம். மேல இருந்து எடுக்கச் சொல்லி ரொம்ப நாளாச்சு. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டு இருக்கேன். எடுத்துட்டா அவர் வெளி ஆள். தினமும் வரலாம், என் கணக்குல."

சாமான் அறையின் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த மரத்துடுப்பு கண்ணில் வந்து நின்றது. மாட்டின இடத்திலேயே இருக்கிறது என்று இனி எந்த வாயால் சொல்வது. எடுக்காவிட்டாலும் எடுக்கத்தான் போகிறார்கள் என்று அவள் மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. சூப் இறங்குகிற வயிறு இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

"எடுத்துடுங்க தம்பி," என்றாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அவருக்குப் பசிக்குது."

மேனேஜர் டையை இறுக்கிக்கொண்டார். அவர் வெளியே போன பிறகும் அவள் ஒரு மாவு மூட்டைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்த நாத்தனாரிடம் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த துணியைத் தொட்டியிலேயே போட்டுவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே? அவன் வயித்துல எதுவும் நிக்காமலே உசுரு நிக்குதுன்னா அது அந்த அடுப்பை நம்பித்தான். அதைப் போய் அணைச்சுட்டு வந்திருக்கியே."

"அண்ணி, பட்டினி போட்டா மட்டும் உசுரு நிக்குமா?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் சரி, ஒருவர் தப்பு என்று இருந்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம். கடைசியில் நாத்தனாரே குழாயை மூடினாள். அவனிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று மட்டும் கேட்டாள்.

சட்டம் மாறிவிட்டது என்று சொன்னாள். உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருக்கிறவர்கள் கூடத்தில் வந்து உட்காரலாமாம், மேலிடத்து உத்தரவு என்றாள். சொல்லும்போது அவர் காலடியில் போர்வையைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அவளுக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது.

அந்தச் சட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கிளையில் கிடையாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் தரை துடைக்கிறவர் ஒருவர், விடுப்பு நாளில் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆசையாக வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பச் சொல்லி அப்போதிருந்த மேனேஜர் அனுப்பியது அடுப்பண்ணனைத்தான். பிள்ளைகள் கையில் பிரெட்டோடு எழுந்து போனதைச் சொல்லி அன்று அவர் தூங்கவில்லை. அந்தக் கதையை அவளே எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அப்படியும் அன்று அது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை, அல்லது வர வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

அவர் அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அப்படியா?" என்றார். பிறகு, "என் நல்ல சட்டையை எடுத்து வை," என்றார்.

மறுநாள் கூட்டம் இல்லாத பிற்பகலில் நாத்தனார் அவரை வண்டியில் கூட்டிவந்தாள். நல்ல மழை. நல்ல சட்டை தோளில் தொங்கியது. கழுத்துப் பட்டனைப் போட்டும் உள்ளே இரண்டு விரல் போகிற அளவு இடம் இருந்தது. முகம் மழித்து, தலையை அழுந்த வாரியிருந்தார். பின்வாசலிலேயே புழங்கியவருக்கு முன்வாசல் கதவை இழுப்பதா தள்ளுவதா என்று தெரியவில்லை. ஒரு நொடி கதவின் முன்னால் நின்றார். நாத்தனார் உள்ளே வந்து பிளாஸ்டிக் திராட்சையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதில் தூசி தட்டுவது யார் என்று கேட்டாள்.

மேசைக்கு வந்தவன் நெட்டையன். கூடத்தில் பரிமாறுகிற பையன்களில் உயரமானவன், திராட்சைக் கொத்து அவன் தலையில் மட்டும்தான் இடிக்கும். அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். என்ன பேசுவது என்று தெரியாமல் போன அந்தப் பதற்றத்தில், தினமும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதே வாயில் வந்துவிட்டது.

"வணக்கம். எங்க கடைக்கு இதுதான் முதல் தடவையா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுப்பண்ணன் சிரித்தார்.

"ஆமா தம்பி. உக்காந்தது இதுதான் முதல் தடவை."

நெட்டையன் பிரெட் எடுத்துவரும் சாக்கில் உள்ளே ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

சூப்பக்கா ஜாடியோடு வந்தாள். எத்தனையோ ஆயிரம் கிண்ணத்தில் ஊற்றிய கை, இன்று ஜாடி மூக்கைக் கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. அவர் கரண்டியை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்ததைவிட இது சின்னதாக இருக்கிறதே என்றார். வரைந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கிண்ணம் முடிந்தது. அவள் மறுபடி ஊற்றினாள். செய்தது பாவம் என்றாலும் பலித்துவிட்டது, இனி தினமும் வரலாம், மழையானாலும் வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மனசு கோட்டை கட்டிக்கொண்டே போயிற்று. நாத்தனார்கூடத் தம்பியின் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள்.

பிரெட் வந்தது. அவரால் தின்ன முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கொண்டுவருவதுதான் முறை. ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். இடது ஓரம் கருகியிருந்தது. அதைக் கூடையில் திரும்ப வைத்துவிட்டு நெட்டையனிடம், அடுப்பில் நிற்கிற பெண்ணைக் கொஞ்சம் வரச் சொல் என்றார்.

புதுப்பெண் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் ஒன்று பாராட்டு, இல்லை திட்டு. கருகியதற்குத் திட்டு என்றே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

"இரும்புத் துடுப்பா எடுக்கற?"

"ஆமாங்க."

"கை போயிடும்மா. பிடியில துணி சுத்தின மரத்துடுப்பு ஒண்ணு மாட்டியிருக்கும். அதை எடுத்துக்கோ."

"அது உங்களுதுன்னு சொன்னாங்க. தொடக் கூடாதுன்னாங்க."

"இனிமே உன்னுது. என் பேரை எடுத்துட்டாங்க. இல்லேன்னா நான் எப்படி இங்க உக்கார முடியும்?" என்றார். குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. "துணியைக் கழட்டிட்டு உன் கைக்கு ஏத்த மாதிரி வேற சுத்திக்கோ. அது வேர்வை ஊறின துணி."

ஜாடியை இடுப்பில் சாய்த்தபடி சூப்பக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவருக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. அப்படியா என்று கேட்டபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, அவள் சொன்ன பொய்யை மெய்யாக்கிக் கொடுப்பதற்காக மழையில் வந்திருக்கிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். புதுப்பெண் அழுகிற முகத்தோடு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் எம்பி அந்தத் துடுப்பை ஆணியிலிருந்து எடுப்பது கூடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவர் அதைக் கடைசிவரை பார்த்தார்.

பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை ஊற்றியது பாதி அப்படியே இருந்தது. கரண்டியை வாயில் வைத்து வழித்து, துணியில் துடைத்து, கிண்ணத்தின் குறுக்கே வைத்தார். நேராக வைத்தார், வாடிக்கையாளர்கள் யாரும் அவ்வளவு ஒழுங்காக வைப்பதில்லை.

"போதும்," என்றார். "நாளைக்கு வர வேணாம்."

நாத்தனார் மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை அவள் குழாயடியிலேயே சொல்லிவிட்டாள்.

சூப்பக்கா கையை நீட்டிக் கரண்டியை எடுத்தாள். மேலங்கியில் துடைத்துக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். ஜாடியைச் சாய்த்து, பாதியாக இருந்த கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு அது. உள்ளேயிருந்து மேனேஜர் பார்த்தார், நெட்டையன் பார்த்தான்.

"கரண்டியை வெச்சுட்டேனே," என்றார் அவர்.

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஊத்தற?"

"நீங்க வெச்சுட்டீங்க. நான் இன்னும் போதும்னு சொல்லலையே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழவில்லை. அழுதால் கை ஆடும், கை ஆடினால் சூப் சிந்தும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் வழக்கமான பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் கரண்டியைக் கையில் எடுத்தார். வெகுநேரம் சும்மா பிடித்திருந்தார். பிறகு ஒரு வாய் அள்ளி, ஊதி, குடித்தார்.

தொண்டைக்குழி ஏறி இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இறங்கியது. அவர் அடுத்த வாய் அள்ளவில்லை, கரண்டியைக் குறுக்கே வைக்கவும் இல்லை. வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. அவள் நகரவில்லை. ஜாடியில் இன்னும் பாதிக்குமேல் சூப் இருந்தது.